அமுக்கிய காற்றும் ஆறாத சூடும்

1990களில் இலங்கையின் வீதிகளில் ஓடிய மிற்சுபிஷி பஜிரோ வாகனங்களின் பக்கவாட்டில் 'இன்டர்கூலர் டேர்போ' என்று பெரிய ஆங்கில எழுத்துகளில் பொறித்திருந்ததைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். அமைச்சர்களின் வாகனத் தொடரணிகளுக்கு வழிவிட்டு வீதியோரம் ஒதுங்கி நின்றவர்களுக்கு அவ்வெழுத்துகள் நன்கு பரிச்சயம். டேர்போ என்பது வேகத்தின் மறுபெயராகவே நம்மவர் பேச்சில் நிலைத்துவிட்டது. அதற்கு முன்னால் நின்ற இன்டர்கூலர் என்ற சொல் யாது, ஒரு வாகனம் அதனைத் தன் விலாவில் எழுதிப் பெருமைப்படுவதற்கு என்ன காரணம் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அச்சொல்லின் பின்னால் ஒரு நூற்றாண்டை எட்டும் வரலாறு இருக்கிறது. அதன் முக்கியமான அத்தியாயங்கள் கார்களுக்காக அன்றி, 25,000 அடி உயரத்தில் பறந்த இளைஞர்களின் உயிரோடு சம்பந்தப்பட்டு எழுதப்பட்டவை.

சைக்கிளுக்குக் காற்றடித்த எவரும் பம்பின் அடிப்பகுதி சூடேறுவதை அறிவர். காற்றை அமுக்கினால் அது சூடேறும். எஞ்சினின் புகைபோக்கி வழியே வீணாகும் வாயுவினால் ஒரு சுழலியைச் சுற்றி, அச்சுழலியினால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பதே டேர்போ ஆகும். சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிலிண்டருக்குள் கூடுதலான காற்றுச் சென்றால் கூடுதலான எரிபொருளை எரிக்கலாம்; வலு பெருகும். ஆனால் சூடேறிய காற்று விரிந்துவிடுகிறது. கொழும்பு மதியத்தின் 30 பாகைக் காற்றை இருமடங்கு அமுக்கத்துக்கு ஏற்றினால் அதன் வெப்பநிலை 120 பாகையைத் தாண்டும். அமுக்கம் இருமடங்கு எனினும் அடர்த்தி ஒன்றரை மடங்காகவே உயர்ந்திருக்கும். அதே காற்றை எஞ்சினுக்குள் விடுமுன் 50 பாகைக்குக் குளிர்வித்தால் அடர்த்தி ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. இது இலாபக் கணக்கு. உயிர்க்கணக்கு வேறு. சூடான காற்றில் கலந்த பெற்றோல், தீப்பொறி மூட்டிய சுவாலை வந்து சேருமுன் தானாகவே வெடித்துவிடும். மெக்கானிக்குகள் 'நொக் அடிக்கிறது' என்பது இதனைத்தான். உச்ச வலுவில் ஓடும் எஞ்சினின் பிஸ்டனைச் சில விநாடிகளில் துளையிட அது போதும்.

ஆகவே அமுக்கிய காற்றை வழியில் குளிர்விக்க வேண்டும். எவ்வாறு என்பதுதான் கேள்வி. வெளிக்காற்றை மோதவிட்டு நேரடியாகக் குளிர்விக்கலாம். தண்ணீரை இடையில் வைத்து, அது வாங்கிய சூட்டை வேறோர் இடத்தில் உள்ள ரேடியேட்டரில் கழிக்கலாம். இரண்டுக்கும் இடமில்லையேல் காற்றினுள் நீரையும் மெதனோலையும் தூவி, அவை ஆவியாகும்போது சூட்டைத் தின்னவிடலாம். இன்று ஒரு வேகக் காரைச் செப்பனிடுபவர் எதிர்கொள்ளும் தெரிவுகளும் இவையே. இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு வரலாறு ஒருபோதும் ஒரே விடையைத் தந்ததில்லை.

1938இல் பிரித்தானியாவின் டார்பி நகரிலிருந்த ரோல்ஸ் ரொய்ஸ் தொழிற்சாலையில் ஸ்டான்லி ஹூக்கர் என்ற கணிதவியலாளர் சேர்ந்தார். பின்னாளில் தன் வரலாற்றை நூலாக எழுதியபோது, 'நான் பெரிய பொறியியலாளன் அல்லன்' என்று பொருள்படும் தலைப்பையே அதற்கு இட்டவர் அவர். அத்தகையவரிடம் மேர்லின் எஞ்சினின் சூப்பர்சார்ஜர் ஒப்படைக்கப்பட்டது. சூப்பர்சார்ஜர் என்பது டேர்போவின் உடன்பிறப்பு. புகைவாயுவுக்குப் பதிலாக எஞ்சினின் பற்சக்கரங்களே அதனைச் சுழற்றும். 1941 செப்டெம்பரில் ஜேர்மனியரின் பொக்க வுல்ப் 190 ஆங்கிலக் கால்வாயின் மேல் தோன்றியதும், அன்றைய ஸ்பிட்பயர் ஐந்தாம் வகை விமானங்கள் அதற்கு ஈடுகொடுக்க இயலாது தவித்தன. வெலிங்டன் குண்டுவீச்சு விமானமொன்றை மிக உயரத்தில் பறக்கவைக்கும் நோக்குடன் ஹூக்கரின் குழு உருவாக்கி வைத்திருந்த இரட்டைக் கட்ட சூப்பர்சார்ஜர் எஞ்சின் அப்போது கைகொடுத்தது. அதுவே மேர்லின் 61.

காற்றை இரு தடவை அமுக்கினால் சூடும் அவ்வாறே பெருகும். ரோல்ஸ் ரொய்ஸ் தண்ணீரைத் தெரிந்தது. அமுக்கும் கட்டங்களின் உறையைச் சுற்றியும், சூப்பர்சார்ஜருக்கும் சிலிண்டர்களுக்கும் இடையே வைத்த பெட்டியொன்றினுள்ளும் குளிர்திரவம் ஓடியது. அதற்கெனத் தனிப் பம்பும் தனி ரேடியேட்டரும் இருந்தன. 'இடையில்' குளிர்விப்பது என்ற பெயரின் மூலப்பொருளே இரு கட்டங்களுக்கு இடையில் என்பதுதான். இந்த ஏற்பாட்டின் நன்மை, குளிர்விக்கும் பெட்டி சிறியதாக எஞ்சினோடு ஒட்டி நிற்கும். ரேடியேட்டரைச் சிறகின் கீழே எங்கேனும் வைத்துக்கொள்ளலாம். ஒல்லியான ஸ்பிட்பயரின் மூக்கு சற்றே நீண்டது, அவ்வளவுதான். 1942 யூலையில் ஒன்பதாம் வகை ஸ்பிட்பயர் களத்துக்கு வந்தது. 30,000 அடியில் புதிய எஞ்சின் பழையதைவிடச் சுமார் 300 குதிரைவலு கூடுதலாகத் தந்தது. விமானம் மணிக்கு 70 மைல் அளவுக்கு விரைவாகப் பறந்தது.

இலங்கையரும் மேர்லின் எஞ்சினின் ஓசையைக் கேட்டவர்களே. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன் விமானங்களில் இருந்தது மேர்லின்தான். அவை இன்டர்கூலர் அற்ற முந்திய வகைகள். ஆயினும் அன்று நேர்ந்த இழப்புக்கு அதனைக் காரணம் காட்ட முடியாது. இரத்மலானையின் விமானிகள் தரையிலிருந்து மேலெழும் வேளையிலேயே எதிரியிடம் அகப்பட்டுக்கொண்டார்கள். அந்த உயரத்தில் எந்த இன்டர்கூலரும் உதவியிராது.

அமெரிக்கர் வேறு வழியில் சென்றனர். லொக்ஹீட் நிறுவனத்தில் ஹோல் ஹிபார்டும் கெலி ஜோன்சனும் வரைந்த பி-38 லைட்னிங் ஈரெஞ்சின் விமானத்துக்கு டேர்போ பூட்டப்பட்டது. அதன் இன்டர்கூலர் அழகானதொரு கற்பனை. அமுக்கிய சூடான காற்றைச் சிறகின் முன்விளிம்புக்குள்ளேயே செலுத்தி, நுனிப் பக்கமாக அனுப்பித் திருப்பியெடுத்தார்கள். சிறகின் தோலே குளிரூட்டியாயிற்று. தனிப் பெட்டி இல்லை, காற்றை மறிக்கும் வாய் இல்லை, பாரமும் குறைவு. வரைபலகையில் இதனைப் பார்க்கும் எவரும் கைதட்டியிருப்பர்.

எஞ்சின்கள் ஆயிரத்துச் சொச்சம் குதிரைவலுவோடு நின்றிருந்தால் அந்தக் கைதட்டல் நீடித்திருக்கும். போர் அவற்றை நிற்கவிடவில்லை. எச் வகை பி-38இன் அலிசன் எஞ்சின் 1,425 குதிரைவலு தரக்கூடியது. ஆனால் சிறகுத்தோல் அவ்வளவு காற்றின் சூட்டைக் கழிக்கமாட்டாது என்பதால் 1,240 குதிரைவலுவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று விமானிகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 185 குதிரைவலு கையில் இருந்தும் தொட இயலாத நிலை. சிறகில் துளைத்த சன்னம் இன்டர்கூலரையும் துளைத்தது. எல்லாவற்றிலும் பெரிய குறை, சிறகைப் பெரிதாக்காமல் அந்த இன்டர்கூலரைப் பெரிதாக்க முடியாது என்பது. இடத்தை மிச்சம்பிடிக்கப் பார்த்த தெரிவு, வளர இடமில்லாத தெரிவாக முடிந்தது.

1943இல் வந்த ஜே வகையில் அதனைக் கைவிட்டு, எஞ்சினின் கீழே, எண்ணெய்க் குளிரூட்டிகளுக்கு நடுவே, ரேடியேட்டர் போன்ற பெட்டி இன்டர்கூலர்களை வைத்தார்கள். விமானத்துக்கு நாடி முளைத்தாற்போல் தோற்றம் மாறியது. எஞ்சின் தன் முழு வலுவைக் காட்டியது. வெற்றிடமான முன்விளிம்பில் பின்னர் இரு புறமும் 55 கலன் எரிபொருள் தாங்கிகள் அமர்ந்தன; பறப்புத் தூரமும் கூடியது. இத்துடன் கதை இனிதே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1943-44 குளிர்காலத்தில் ஜேர்மனியின் மேல், 25,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக பி-38கள் சென்றன. வெளியே உறைநிலைக்குக் கீழே ஐம்பது பாகை வரையிலான குளிர். எரிபொருளைச் சேமிக்கக் குறைந்த வலுவில் நெடுநேரம் ஓடிய எஞ்சின்களுக்கு, புதிய இன்டர்கூலர் தேவைக்கு மேல் குளிர்ந்த காற்றைக் கொடுத்தது. பெற்றோலின் கனமான கூறுகள் சரிவர ஆவியாகாது சிலிண்டர்களுக்குச் சமனின்றிப் பங்கிடப்பட்டன. எதிரியைக் கண்டு திடீரென முழு வலுவுக்கு ஏற்றியபோது எஞ்சின்கள் உடைந்தன. உடைந்தமைக்கு இது மாத்திரந்தான் காரணமா, எரிபொருளின் தரமா, விமானிகளுக்குக் கற்பித்த ஓட்டுமுறையா, தடித்துப்போன எண்ணெயா என்று விமான வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை வாதிடுகின்றனர். பல காரணங்கள் சேர்ந்து இழைத்த கேடு என்பதே பொருத்தமாகப் படுகிறது. எஞ்சினை இழந்து எதிரியின் நிலத்தில் இறங்கியவர்களுக்கு அந்த வாதத்தால் பயனில்லை. குளிர் போதாமையால் கட்டுண்டிருந்த விமானம், குளிர் மிகையானதால் நோயுற்றது. அதே பி-38 வெப்பமான பசிபிக் களத்தில் மிகச் சிறப்பாகப் போரிட்டது. 40 எதிரி விமானங்களை வீழ்த்தி அமெரிக்காவின் முதன்மை விமானியான ரிச்சர்ட் பொங் ஓட்டியதும் பி-38தான்.

ஜேர்மனியின் வானில் பி-38இன் இடத்தைப் பிடித்தது பி-51 மஸ்ராங். அதற்குள் இருந்தது அமெரிக்காவில் பக்கார்ட் நிறுவனம் தயாரித்த இரட்டைக் கட்ட மேர்லின். அதாவது, ஹூக்கரின் தண்ணீர்ப் பெட்டி. தண்ணீர் காற்றை வென்றது என்று இங்கே தீர்ப்பெழுதும் ஆசை எவருக்கும் எழும். ஆனால் அதே வானில் பி-47 தண்டர்போல்ட் காற்றினால் குளிர்விக்கும் இன்டர்கூலருடன் சிறப்பாகவே பறந்தது. அதன் டேர்போவும் இன்டர்கூலரும் விமானியின் பின்னால், வயிறு பெருத்த உடலுக்குள், நீண்ட குழாய்களோடு அமர்ந்திருந்தன. இன்டர்கூலரின் கதவுகளைத் திறந்து மூடிக் குளிரைக் கட்டுப்படுத்தவும் முடிந்தது. பெருத்த உடலில் இடமிருந்தது. லைட்னிங்கில் அது இருக்கவில்லை.

ஜேர்மனியரோ மெதனோலும் நீரும் கலந்து தூவும் முறையைத் தமது மெஸ்ஸர்ஸ்மிற் விமானங்களிற் பெரிதும் நம்பினர். தாங்கியில் உள்ள திரவம் தீரும்வரை, சில நிமிடங்களுக்கு மட்டும், மேலதிக வலு கிடைத்தது. நெருக்கடியில் உயிர்தப்ப அது போதும்.

போருக்குப் பின் இதே மூன்று வழிகளும் தரைக்கு இறங்கின. முதலில் இறங்கியது மூன்றாவது. 1962இல் ஜெனரல் மோட்டோர்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு ஜெட்பயர் என்ற டேர்போ காரை விற்பனைக்கு விட்டது. 3.5 லீற்றர் எஞ்சினிலிருந்து 215 குதிரைவலு. நொக் அடிப்பதைத் தடுக்க 'டேர்போ ரொக்கெட் திரவம்' என்று ஆடம்பரமாகப் பெயரிட்ட நீர்-மெதனோல் கலவையைத் தூவினார்கள். போர் விமானத்தின் தாங்கியைத் தரைப்பணியாளர் நிரப்பிவிடுவர். குடும்பக் காரின் தாங்கியை நிரப்பப் பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. தாங்கி வெறுமையானால் டேர்போவின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு வேலைசெய்யும். வாங்கியவர் 'வண்டி இழுக்கவில்லை' என்று முறையிடுவார். பத்தாயிரத்துக்கும் குறைவான கார்களோடு 1963இல் உற்பத்தி நின்றது. பின்னர் பலருடைய கார்களிலிருந்து டேர்போவைக் கழற்றிச் சாதாரண காபரேற்றரைப் பூட்டிக் கொடுத்தது அதே நிறுவனம்.

வேகக் கார்களின் இன்டர்கூலர் வரலாற்றில் நடுநாயகமாக நிற்பது ஜேர்மனியின் போர்ஷ. 1973இல் அமெரிக்காவின் கான்-ஆம் பந்தயங்களை அள்ளிச் சென்ற அதன் 917/30 கார், 1,100 குதிரைவலுவை எட்டியும் இன்டர்கூலர் இன்றியே ஓடியது. வளைவுகள் நிறைந்த பாதையில் முழு வலு ஒரு தடவையில் சில விநாடிகளுக்கே தேவைப்பட்டமையால் எஞ்சின் தாக்குப்பிடித்தது. 1975 ஓகஸ்ட் 9ஆம் திகதி மார்க் டொனஹியூ அதே காரைக் கொண்டு தலடேகா நீள்வட்டத் தடத்தில் மணிக்கு 221 மைல், அதாவது ஏறத்தாழ 356 கிலோமீற்றர் வேகத்தில் சாதனை நிகழ்த்தியபோது இன்டர்கூலர் பூட்டப்பட்டிருந்தது. சுற்று முழுவதும் கால் எடுக்காமல் மிதித்து ஓட்டும் இடத்தில் அஃதின்றி எஞ்சின் தப்பாது. சாதனை நிகழ்ந்து பத்தாம் நாள், ஒஸ்திரியாவில் வேறொரு கார் விபத்தில் அடைந்த காயங்களால் டொனஹியூ காலமானார்.

அடுத்த ஆண்டு நடந்ததே என் பார்வையில் இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. 1976இல் ஐந்தாம் பிரிவு என்ற புதிய விதியின் கீழ் போர்ஷ தன் 911 காரிலிருந்து 935 என்ற பந்தயக் காரை உருவாக்கியது. நோர்பேர்ட் சிங்கரின் பொறுப்பில் உருவான அக்கார், 2.8 லீற்றரைச் சற்றே தாண்டிய எஞ்சினிலிருந்து 590 குதிரைவலு வரை தந்தது. பின்புறத்து எஞ்சினின் மேல், உயர்த்தப்பட்ட வால்பகுதியின் கீழ், காற்றினால் குளிரும் பெரிய இன்டர்கூலர். முஜெல்லோ, வல்லெலுங்கா ஆகிய முதலிரு பந்தயங்களையும் 935 வென்றது.

அப்போது விதிமுறையாளர் விதிப்புத்தகத்தை விரித்தனர். விற்பனைக்கு வரும் காரின் எஞ்சின் மூடி இந்தப் பந்தயக் காரிலும் பொருந்த வேண்டும் என்றனர். உயர்ந்து நிற்கும் இன்டர்கூலரோடு அது பொருந்தாது. பருவத்தின் நடுவே, சில வாரங்களில், போர்ஷ தண்ணீருக்கு மாறியது. இதிலுள்ள முரணைக் கவனிக்க வேண்டும். 911இன் எஞ்சின் காற்றினால் குளிர்வது. தண்ணீரே இல்லாதது என்பதுதான் அதன் பெருமை. அதற்குள் ஒரு பம்பு, ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய் எல்லாம் இப்போது குடியேறின, எஞ்சினுக்காக அன்றி எஞ்சின் குடிக்கும் காற்றுக்காக. தண்ணீர், கன அளவுக்குக் கன அளவு, காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட சூட்டைச் சுமக்க வல்லதாகையால் பெட்டியைச் சிறிதாக்கித் தாழ்வாக வைக்க முடிந்தது. மூடி மூடியது. ஆனால் அவசரத்தில் செய்த மாற்றத்துக்கு விலை இருந்தது. சில்வஸ்ரன், நேர்பேர்க்றிங், ஒஸ்ரியறிங் ஆகிய அடுத்த மூன்று பந்தயங்களிலும் டேர்போ இல்லாத பழைய பி.எம்.டபிள்யூ. கார்கள் வென்றன. தோல்விகள் எல்லாவற்றையும் இன்டர்கூலரின் தலையில் கட்ட முடியாது. சில்வஸ்ரனில் ஜக்கி இக்ஸின் காருக்கு கிளச் தொல்லை. என்றாலும் ஓர் ஆண்டின் சாம்பியன் பட்டம், எஞ்சின் மூடி பற்றிய ஒரு வரியில் ஊசலாடியது உண்மை. வொட்கின்ஸ் கிளென்னிலும் டிஜோனிலும் வென்றே போர்ஷ பட்டத்தைக் காத்தது.

தொழிற்சாலைக் கார்கள் அதன்பின் தண்ணீரோடு நின்றன. கொலோன் நகரின் கிரேமர் சகோதரர்களோ தாம் செப்பனிட்ட 935 கே3 காரில் மீண்டும் காற்று இன்டர்கூலரை வைத்தார்கள். தண்ணீரின் பாரமும் கசிவும் பம்புப் பழுதும் அவர்களுக்கு வேண்டாதவை. மழை கொட்டிய 1979 லெமான் 24 மணிநேரப் பந்தயத்தில் கிளவுஸ் லுட்விக்கும் விற்றிங்டன் சகோதரர்களும் ஓட்டிய கே3 முதலிடம் பெற்றது. எரிபொருள் பம்பின் பட்டி அறுந்து, ஓட்டுநர் வழியிலேயே கழற்றிப் பூட்டிச் சரிசெய்ய நேர்ந்தும் வென்றார்கள். இரண்டாவதாக வந்த 935ஐ ஓட்டியவர்களில் ஹொலிவூட் நடிகர் போல் நியூமனும் ஒருவர். அவர்களின் கார் சக்கரத்தின் நட்டு இறுகிப்போய் நேரத்தை இழந்தது. ஆகையால் காற்று தண்ணீரை வென்றது என்று இதனையும் எழுதிவிட முடியாது. போர்ஷ வீதிக்கு விற்ற 1978ஆம் ஆண்டின் 3.3 லீற்றர் 911 டேர்போவில் காற்று இன்டர்கூலரே இருந்தது என்பது மட்டும் குறிப்பிடத்தக்கது. வீதிக் காரின் மூடிக்கு விதி எழுதுபவர் அந்நிறுவனமே அல்லவா.

யப்பானியரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரலி ஓட்டப் பாதைகளில் வேகம் குறைவு, முழு வலு அடிக்கடி தேவை, புழுதியும் சேறும் ஏராளம். ரொயோற்றா தன் செலிக்கா ஜி.ரி. போர் காருக்கு வீதியில் காற்று இன்டர்கூலரை வைத்தது. பந்தய விதிக்காக 5,000 கார்களை மட்டும் தண்ணீர் இன்டர்கூலரோடு செய்து, சாம்பியன் கார்லோஸ் சைன்ஸின் பெயரைச் சூட்டி விற்றது. சுபாரு, 1989 லெகசியில் தண்ணீரோடு தொடங்கி, 1992 இம்பிரேசாவில் காற்றுக்கு மாறி, அதனை எஞ்சினின் மேல் பொனற்றின் துவாரத்துக்குக் கீழே படுக்கவைத்தது. குழாய் குறுகியது, மிதித்தவுடன் வலு வரும். ஆனால் வாகன நெரிசலில் நின்றால் எஞ்சினின் சூடு முழுவதும் அதன் மேல் ஏறும். மிற்சுபிஷி தன் லான்சர் எவலூஷனில் அதனை முன்பம்பருக்குப் பின்னே நிறுத்தியது. குளிர்காற்று நேராக மோதும், குழாய் நீளும். காலி வீதியைக் காண்பதே அரிதான கொழும்பில் ஒரு டேர்போ காரை வைத்திருப்பவருக்கு எது உகந்தது என்று என்னைக் கேட்டால், பட்டியலில் எழுதிய குதிரைவலுவைப் பாராமல், மதியம் இரண்டு மணிக்கு காலி வீதியில் அரை மணிநேரம் நின்றபின் எந்த இன்டர்கூலரைக் கையால் தொடமுடியும் என்று பார்க்கச் சொல்வேன். தண்ணீர் ஏற்பாடும், சூடாகிவிட்டால், ஆற நேரமெடுக்கும் என்பதையும் சேர்த்தே.

இன்றைய புதிய கார்களில் தண்ணீரின் பக்கம் காற்று வீசுகிறது. பி.எம்.டபிள்யூ.வின் பி58 எஞ்சின் 2015இல் வந்தபோது, தண்ணீர்க் குளிரூட்டி சிலிண்டர்களுக்குக் காற்றுச் செல்லும் வழியிலேயே ஒரு பெட்டியாக அமர்ந்திருந்தது. மேர்லின் 61ஐ அறிந்தவருக்கு அது பழைய முகம். புகைக்கட்டுப்பாட்டு விதிகளும், பொனற்றுக்குக் கீழே நாளுக்கு நாள் சுருங்கும் இடமும் அதனைத் திரும்ப அழைத்து வந்திருக்கின்றன. அதே நிறுவனம் 2016இல் எம்4 ஜி.ரி.எஸ். என்ற, குறைந்த எண்ணிக்கையில் மாத்திரமே செய்யப்பட்ட காரில், தண்ணீர் இன்டர்கூலரும் போதாதென்று காற்றினுள் நீரைத் தூவும் ஏற்பாட்டையும் சேர்த்தது. பின்பெட்டியில் ஐந்து லீற்றர் தாங்கி. காய்ச்சி வடித்த நீரை உரிமையாளரே ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தால் எஞ்சின் தானே வலுவைக் குறைத்துக்கொள்ளும்.